வீட்டு சோலாருக்கு லித்தியம் பேட்டரி: பெட்டிக்கு முன் பார்க்க வேண்டியவை

லித்தியம் பேட்டரி வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை ஏஹெச்?" என்றுதான். ஏஹெச் என்றால் ஆம்பியர் மணி, பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் எண். நானும் அதைத்தான் கேட்டேன். 51.2 வோல்ட், 100 ஏஹெச், 6000 சைக்கிள், அதாவது அத்தனை தடவை ஏற்றி இறக்கலாம் என்றார்கள். தலையாட்டிவிட்டு வாங்கிவிட்டேன். பெட்டி வந்தது, மாட்டினோம், விளக்கும் மின்விசிறியும் ஃபிரிட்ஜும் அழகாக ஓடின. மூன்றாம் நாள் கரண்ட் போன நேரத்தில் தண்ணீர் மோட்டாரைப் போட்டதும் வீடு முழுக்க இருட்டு. பேட்டரியில் 80 சதவீதம் சார்ஜ் இருந்தது, பழுதும் இல்லை. உள்ளே இருந்த பிஎம்எஸ், அதாவது பேட்டரியைக் கண்காணித்துக் காக்கும் மின்னணுப் பலகை, 50 ஆம்பியருக்கு மேல் தர மறுத்துவிட்டது, அவ்வளவுதான். அந்த எண் விளக்கத் தாளின் இரண்டாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. நான்தான் படிக்கவில்லை.

அதனால் இந்த வழிகாட்டி வீட்டிலிருந்து தொடங்குகிறது. இரவில் எவ்வளவு செலவாகிறது, ஒரே நேரத்தில் எவ்வளவு இழுக்கிறோம், இன்வெர்ட்டர் எதை ஏற்கும் என்று பார்த்த பிறகுதான் பெட்டி. கடையில் இந்த வரிசை தலைகீழாகத்தான் நடக்கும். கடைக்காரரிடம் பெட்டி இருக்கிறது, உங்கள் மீட்டர் அவரிடம் இல்லை.

படி 1: இரவின் கணக்கு

ஏஹெச்சைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு யூனிட்டில் யோசியுங்கள். 1 யூனிட் என்பது 1 கிலோவாட் மணி. பேட்டரியின் வோல்ட்டையும் ஏஹெச்சையும் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் யூனிட் வந்துவிடும். 51.2 வோல்ட், 100 ஏஹெச் என்றால் 5.12 யூனிட். 12.8 வோல்ட், 100 ஏஹெச் என்றால் வெறும் 1.28 யூனிட். இரண்டுமே '100 ஏஹெச்' தான், ஆனால் ஒன்றில் இருப்பது மற்றதைப்போல 4 மடங்கு. வோல்ட்டைச் சொல்லாமல் விலை பேசுகிறவரை அங்கேயே நிறுத்திக் கேளுங்கள்.

வீட்டு மீட்டரை ஒரு வாரம் மாலையும் காலையும் குறித்து வையுங்கள். பேனல் ஓய்கிற நேரத்தில் ஒரு தடவை, மறுநாள் அது உற்பத்தியைத் தொடங்கும் நேரத்தில் ஒரு தடவை. வித்தியாசம்தான் உங்கள் இரவு. பொருள் பொருளாக வாட்டை எழுதிக் கூட்டும் முறையும் உண்டு. அதில் எல்லோரும் ஏதாவது ஒன்றை விட்டுவிடுகிறார்கள். எந்த முறையில் கணக்கிட்டாலும் தப்பிவிடுவது இன்வெர்ட்டரின் சொந்தச் செலவு. 5 கிலோவாட் இன்வெர்ட்டர் சும்மா விழித்திருப்பதற்கே 50 வாட் தின்னக்கூடும். 12 மணி நேரத்தில் அது 0.6 யூனிட்.

இதையும் சேர்த்து உங்கள் இரவு 4 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். பேட்டரியின் நேர்மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும்போது ஏழு சதவீதம் போல வீணாகும். 4-ஐ 0.93-ஆல் வகுத்தால் 4.3. பேட்டரியை அடிவரை காலி செய்யாமல் 10 சதவீதம் விட்டுவைத்தால் 4.8. சரி, 5.12 யூனிட் பெட்டி போதும் போலத் தெரிகிறது. ஆனால் அது புதிதாக இருக்கும்போது மட்டும். வருடங்கள் போய்க் கொள்ளளவு 80 சதவீதமாக இறங்கினால் அதே பெட்டியில் மிஞ்சுவது 4.1 யூனிட்தான். அப்போதும் அதே இரவு ஓட வேண்டுமென்றால் இன்றைக்கு 6 யூனிட் அளவில் வாங்க வேண்டும்.

அதற்காக 15 யூனிட்டுக்குத் தாவ வேண்டாம். நல்ல வெயிலில் 1 கிலோவாட் பேனல் நாளொன்றுக்கு 4 யூனிட்டை ஒட்டித் தரும், மேகமூட்டமான நாளில் அதில் பாதியோ இன்னும் குறைவோ. பகல் செலவு போக மீந்ததுதான் பேட்டரிக்கு. நிறையவே நிறையாத பேட்டரியில் காசு தூங்குகிறது என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், பெரும்பாலான பிஎம்எஸ்கள் செல்களை, அதாவது பெட்டிக்குள் கோர்த்திருக்கும் சிறு பேட்டரிகளை, சமன் செய்வதே சார்ஜ் உச்சத்தை நெருங்கும்போதுதான். உச்சத்தைத் தொடாத பேட்டரியில் செல்கள் மெல்ல மெல்ல ஒன்றுக்கொன்று விலகிப்போகும்.

கரண்ட் எப்போதாவது ஓரிரு மணி நேரம் போகிறது, அதற்குத்தான் பேட்டரி என்றால் முழு இரவின் கணக்கு வேண்டாம். அத்தியாவசியப் பொருள்களுக்கான நாலு மணி நேரம் போதும்.

படி 2: ஒரே நேரத்தில் எவ்வளவு இழுப்பீர்கள்?

நான் சறுக்கிய இடம் இதுதான். தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பார்த்தேன், குழாய் எவ்வளவு அகலம் என்று பார்க்கவில்லை.

ஒரு பேட்டரி எவ்வளவு வேகமாக மின்சாரம் தரும் என்பதை 'சி' கணக்கில் சொல்வார்கள். 100 ஏஹெச் பேட்டரிக்கு 1சி என்றால் 100 ஆம்பியர், 0.5சி என்றால் 50 ஆம்பியர். 51.2 வோல்ட்டில் 50 ஆம்பியர் என்பது 2560 வாட். இப்போது 5 கிலோவாட் இன்வெர்ட்டரைப் பாருங்கள்: முழுச் சுமையில், வீணாவதையும் சேர்த்து, அது பேட்டரியிடம் கேட்பது சுமார் 105 ஆம்பியர். பேட்டரியின் வோல்ட் இறங்க இறங்க இன்னும் கூடும். ஆக, ஒரு 100 ஏஹெச் பெட்டியை 5 கிலோவாட் இன்வெர்ட்டருக்குத் தனியாகக் கட்டுவது எந்த விதத்திலும் இறுக்கம்தான். இரண்டாகக் கட்டுங்கள், அல்லது 200 ஏஹெச்சுக்கு மேல் ஒரே பெட்டியாக வாங்குங்கள்.

மோட்டார் தனி விவகாரம். 1 குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது 1000 வாட் அளவில்தான் எடுக்கும். கிளம்பும் நொடியில் அதைப்போல 4 முதல் 6 மடங்கு கேட்கும். எனவே விளக்கத் தாளில் இரண்டு எண்களைத் தேடுங்கள்: தொடர்ச்சியாகத் தரக்கூடிய ஆம்பியர், உச்ச ஆம்பியர். உச்சத்துக்குப் பக்கத்தில் எத்தனை நொடி என்றும் எழுதியிருக்க வேண்டும். நொடி சொல்லாத உச்ச எண்ணை நம்பித் திட்டம் போட வேண்டாம். மெதுவாகக் கிளம்பும் இன்வெர்ட்டர் வகை ஏசியும் ஃபிரிட்ஜும் இருக்கும் வீட்டில் இந்தத் தலைவலி குறைவு.

சார்ஜ் ஆகும் வேகத்துக்கும் இதே கணக்கு. பெரும்பாலான வீட்டு பேட்டரிகளுக்குத் தயாரிப்பாளர்கள் பரிந்துரைப்பது 0.5சி அளவுதான். பேனல் நிறைய வைத்திருப்பவர்கள் இன்வெர்ட்டரில் சார்ஜ் ஆம்பியருக்கு ஒரு வரம்பு போட்டுவிட வேண்டும்.

படி 3: இன்வெர்ட்டரோடு ஒத்துப்போகுமா?

பேட்டரி நல்லதாக இருந்து, இன்வெர்ட்டரும் நல்லதாக இருந்து, இரண்டும் சேராமல் அவதிப்படும் வீடுகள்தான் அதிகம். பல ஆயிரம் சைக்கிள் பேசும் விளம்பரங்கள் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை.

முதல் கேள்வி: உங்கள் இன்வெர்ட்டரில் பேட்டரிக்கு இடம் இருக்கிறதா? கிரிட்டோடு, அதாவது வெளியிலிருந்து வரும் மின் இணைப்போடு, மட்டும் சேர்ந்து ஓடும் வகையில் பேட்டரி முனையே இருக்காது. அதை வைத்துக்கொண்டே பேட்டரி வேண்டுமென்றால் வீட்டு மின்சாரம் (மாறுதிசை மின்சாரம், ஏசி) ஓடும் பக்கத்தில் தனி பேட்டரி இன்வெர்ட்டர் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் பேனலையும் பேட்டரியையும் சேர்த்தே கையாளும் ஹைபிரிட்டாக மாற்ற வேண்டும். அடுத்த கேள்வி வோல்ட். 48 வோல்ட் வகை இன்வெர்ட்டருக்கு 48 அல்லது 51.2 வோல்ட் பேட்டரி. முதலாவதில் 15 செல், இரண்டாவதில் 16 செல், ஒவ்வொரு செல்லும் 3.2 வோல்ட். நூற்றுக்கணக்கான வோல்ட்டில் ஓடும் உயர் வோல்ட் பேட்டரிகள் வேறு சாதி, அவற்றுக்கு அவற்றுக்கான இன்வெர்ட்டர்தான்.

பழைய ஈயப் பேட்டரி இருந்த இடத்தில் அப்படியே லித்தியத்தை மாட்டலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். மாட்டலாம், இன்வெர்ட்டரின் அமைப்புகளை மாற்ற முடிந்தால். ஈயப் பேட்டரிக்கு இடையிடையே வோல்ட்டை உயர்த்திச் செய்யும் 'ஈக்குவலைஸ்' சார்ஜ் லித்தியத்துக்குக் கூடவே கூடாது. வெப்பநிலைக்கு ஏற்ப சார்ஜ் வோல்ட்டை மாற்றும் வசதியையும் அணைத்துவிட வேண்டும். வீட்டுக்கு ஏற்ற லித்தியம் வகையான எல்எஃப்பியில் (விளக்கம் படி 4-இல்) 16 செல் பேட்டரிக்குப் பொதுவாக 56 முதல் 56.8 வோல்ட் வரை சார்ஜ், 54 வோல்ட்டில் ஃபுளோட் (நிறைந்த பின் பிடித்துவைக்கும் வோல்ட்), 48 வோல்ட்டில் நிறுத்தம் என்று வைப்பார்கள். உங்கள் பேட்டரியின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுதான் சரி. இந்த எண்களைக் கையால் பதிக்க வழியில்லாத, 'லித்தியம்' என்ற தேர்வும் இல்லாத பழைய இன்வெர்ட்டர் என்றால் அதையும் மாற்றுவதற்கான காசை இப்போதே ஒதுக்குங்கள். அளவு மீறி வோல்ட் ஏறும்போது பிஎம்எஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இணைப்பைத் துண்டிக்கும். சார்ஜ் நடந்துகொண்டிருக்கும்போது பேட்டரி திடீரென்று விலகினால் அடி விழுவது இன்வெர்ட்டருக்கு.

மூன்றாவது, இரண்டும் பேசிக்கொள்ளுமா? பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவே கேன் அல்லது ஆர்எஸ்485 என்ற வழியில் ஒரு தகவல் கேபிள் போகும். "இப்போது எனக்கு 40 ஆம்பியர் போதும்", "என்னிடம் இருப்பது 35 சதவீதம்" என்றெல்லாம் பேட்டரி அதன் வழியே சொல்லும். எல்எஃப்பியில் இது ஆடம்பரமில்லை. 30 சதவீதத்துக்கும் 70 சதவீதத்துக்கும் நடுவே ஒரு 51.2 வோல்ட் பேட்டரியில் ஏறக்குறைய 1 வோல்ட்தான் வித்தியாசம் இருக்கும். வோல்ட்டை வைத்து மட்டும் சார்ஜை ஊகிக்கும் இன்வெர்ட்டர் குருட்டாம்போக்கில்தான் எண் காட்டும்.

கேபிளின் முனை சாதாரண நெட்வொர்க் கேபிள் போலவே இருக்கும், ஆனால் உள்ளே எந்தக் கம்பி எந்த முனைக்கு என்பது ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வேறு. "எல்லாத்துக்கும் சேரும் சார்" என்ற பதிலை ஏற்காதீர்கள். இன்வெர்ட்டர் தயாரிப்பாளரின் பொருந்தும் பேட்டரிப் பட்டியலில் நீங்கள் வாங்கப்போகும் மாடல் பெயர், எழுத்துக்கு எழுத்து, இருக்கிறதா என்று பாருங்கள். பட்டியலில் இல்லையென்றால், சேரும் என்று சொல்பவரிடம் எழுத்தில் வாங்குங்கள், கேபிளையும் அவரே தரட்டும்.

படி 4: எந்த லித்தியம்?

இது சீக்கிரம் முடியும் விஷயம். வீட்டுக்கு லித்தியம் அயர்ன் பாஸ்பேட், அதாவது எல்எஃப்பி. நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த என்எம்சி வகை அதே எடையில் அதிக மின்சாரம் வைக்கும், ஆகவே காருக்கு ஏற்றது. சுவரோரம் நிற்கும் பெட்டிக்கு எடை ஒரு பொருட்டே இல்லை. எல்எஃப்பியில் ஆக்சிஜன் பாஸ்பரசோடு இறுக்கமாகப் பிணைந்திருப்பதால் சூடேறினாலும் எளிதில் வெளியே வராது, எனவே தீ பரவும் அபாயம் குறைவு. சைக்கிளும் அதிகம். 1990-களில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃபின் குழு கண்டறிந்த பொருள் இது. லித்தியம் அயான் பேட்டரிக்காக அவருக்கு வேறு இருவரோடு சேர்த்து 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

அபாயம் குறைவு என்றால் இல்லை என்று அர்த்தமில்லை. எல்எஃப்பி செல்லும் கெட்டால் எரியக்கூடிய வாயுவைக் கக்கும். அதை இடம் பார்க்கும்போது கவனிப்போம்.

படி 5: வாரண்டியைப் பேனாவோடு படியுங்கள்

'6000 சைக்கிள்' என்ற எண்ணுக்கு வால் ஒன்று உண்டு. எந்த ஆழம் வரை காலி செய்து, எந்த வெப்பநிலையில், எந்த வேகத்தில், கடைசியில் எவ்வளவு கொள்ளளவு மிஞ்சும்வரை எண்ணினார்கள்? 25 டிகிரியில், 80 சதவீத ஆழத்தில், 70 சதவீதம் மிஞ்சும்வரை என்று ஒருவர் சொல்வதும், 90 சதவீத ஆழத்தில் 80 சதவீதம் மிஞ்சும்வரை என்று இன்னொருவர் சொல்வதும் ஒன்றல்ல. தினம் ஒரு சைக்கிள் என்றால் 6000 சைக்கிள் 16 வருடம் தாண்டும். செல் பயன்படுத்தாமலே கிழடாகும் என்பதால் அந்த எண்ணை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

வாரண்டிக் காகிதத்தில் நான் தேடுவது மொத்த யூனிட் வரம்பு. '10 ஆண்டு அல்லது 15,000 யூனிட், எது முன்னால் வருகிறதோ அது' என்று இருந்தால் கணக்குப் போடுங்கள். 5.12 யூனிட் பேட்டரியை தினமும் 90 சதவீதம் பயன்படுத்தினால் நாளுக்கு 4.6 யூனிட். 15,000 யூனிட் ஒன்பது வருடம் முடிவதற்குள் தீர்ந்துபோகும். ஆக, முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் இருக்கும் 10 உங்களுக்கு 9 கூட இல்லை.

அப்புறம் சில்லறைக் கேள்விகள், ஆனால் பிற்பாடு கழுத்தை அறுப்பவை: காலம் எப்போது தொடங்குகிறது, தயாரித்த நாளிலா, பில் போட்ட நாளிலா? பெட்டி 40 கிலோவுக்கு மேல் இருக்கும். பழுதானால் தூக்கிப்போகும் செலவு யாருடையது? பொருந்தும் பட்டியலில் இல்லாத இன்வெர்ட்டரோடு ஓட்டினால் வாரண்டி செல்லுமா? அறை வெப்பத்துக்கு வரம்பு உண்டா? பேட்டரி இணையத்தோடு இணைந்தே இருக்க வேண்டும் என்று நிபந்தனை போடுபவர்களும் உண்டு.

படி 6: பெட்டிக்குள் இருப்பது

வெளியே ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பெட்டிகளுக்குள் வேறு வேறு செல்கள் இருக்கலாம். முதல் தரச் செல்லை ஏ கிரேடு என்பார்கள். சோதனையில் கொள்ளளவோ உள்தடையோ சற்றுப் பிசகியவை பி கிரேடு. கழற்றிய பழைய வாகனச் செல்களும் புது உறை போர்த்திக்கொண்டு வருகின்றன. பெரிய செல்களின் தலையில் பொறித்த கியூஆர் குறியில் தயாரிப்பு விவரம் இருக்கும். அதைச் சுரண்டியிருந்தாலோ, மேலே ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலோ கைகழுவிவிடுங்கள். ஆனால் மூடி முத்திரையிட்ட பெட்டியைத் திறந்து பார்க்க முடியாது. திறந்தால் வாரண்டி போய்விடும். அதற்குத் தராசு உதவும். 5 யூனிட் எல்எஃப்பி பெட்டி பொதுவாக 40 முதல் 50 கிலோ இருக்கும். 35-க்கும் கீழே என்றால் எழுதியிருக்கும் கொள்ளளவு உள்ளே இல்லை என்றே சந்தேகப்படலாம்.

சான்றிதழ்களில் ஐஇசி 62619 நிலையாக வைக்கும் லித்தியம் பேட்டரிகளின் பாதுகாப்புக்கானது. யூஎன் 38.3 போக்குவரத்தில் பாதுகாப்பாகக் கொண்டுபோவதற்கானது மட்டும். சிலர் இரண்டாவதை மட்டும் காட்டி 'சர்வதேசச் சான்று' என்பார்கள். யூஎல் 1973, யூஎல் 9540 என்று இருந்தால் இன்னும் நல்லது. சான்றிதழில் உள்ள மாடல் எண்ணும் பெட்டியில் உள்ளதும் ஒன்றா என்பதைப் பார்க்காமல் விடாதீர்கள்.

பின்னால் இன்னொரு பெட்டி சேர்க்கும் எண்ணம் இருந்தால் அதே மாடல் அப்போதும் கிடைக்குமா, எத்தனை வரை இணையாகச் சேர்க்கலாம் என்று இப்போதே கேளுங்கள். லித்தியத்தையும் ஈயத்தையும் இணையாகக் கட்ட வேண்டாம்.

படி 7: இடமும் கம்பியும்

15 முதல் 30 டிகிரி வரை இருக்கும் இடம் பேட்டரிக்கு உகந்தது. சூடு கூடினால் ஆயுள் குறையும். 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரச் சேதமாகும், குளிர்ப் பகுதிகளில் சூடேற்றும் வசதி உள்ளதை வாங்குங்கள். படுக்கையறை வேண்டாம், வெளியேறும் வழியும் வேண்டாம், மாடிப்படியின் அடியும் வேண்டாம். வெயில் நேரே விழும் சுவரில் மாட்டாதீர்கள். ஐபி20 என்று போட்டிருந்தால் அது வீட்டுக்குள் வைக்க மட்டும். தண்ணீர் புகும் இடமென்றால் தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள்.

கம்பியில் கஞ்சத்தனம் வேண்டாம். 100 ஆம்பியர் போகும் இடத்தில் 35 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, முடிந்தவரை குட்டையாக. பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும், அதுவும் நேர்மின்சாரத்துக்கானது. குறுக்குச் சுற்று ஏற்பட்டால் எல்எஃப்பி பேட்டரி ஆயிரக்கணக்கான ஆம்பியர் கக்கும். அதை வெட்டி நிறுத்த டி வகை (Class T) ஃபியூஸ் போன்றவைதான் லாயக்கு. வீட்டு ஏசி பிரேக்கரை அங்கே போட்டால், மாறுதிசை மின்சாரத்தைப் போல நடுவில் பூஜ்யத்தைத் தொடாத நேர்மின்சாரத்தில் தீப்பொறி அணையாமல் நீளும். இரண்டு பெட்டிகள் இருந்தால் நேர்முனையை முதல் பெட்டியிலிருந்தும் எதிர்முனையைக் கடைசிப் பெட்டியிலிருந்தும் எடுங்கள், சுமை சமமாகப் பிரியும். இணைப்பதற்கு முன் இரண்டின் வோல்ட்டும் ஒன்றாக இருக்க வேண்டும். திருகுகளைக் கையேட்டில் சொன்ன முறுக்கு அளவில் இறுக்கச் சொல்லுங்கள். தளர்ந்த ஒரு முனை போதும், அங்கேதான் முதலில் கருகும். இதெல்லாம் உரிமம் உள்ள எலக்ட்ரீசியன் செய்ய வேண்டிய வேலை. நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்தால் போதும்.

படி 8: வந்த நாளும் முதல் மாதமும்

வண்டியிலிருந்து இறக்கும்போதே மூலைகள் நசுங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள், படம் எடுத்துக்கொள்ளுங்கள். மல்டிமீட்டரில் 16 செல் பேட்டரி 52 முதல் 53 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். பூஜ்யம் காட்டினால் பிஎம்எஸ் தூங்கிக்கொண்டிருக்கலாம், பெட்டியின் பொத்தானை அழுத்திப் பாருங்கள். பேட்டரியின் செயலியில் செல்களின் வோல்ட் தனித்தனியாகத் தெரிந்தால், பாதி சார்ஜில் இருக்கும்போது அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் நடுவே 20, 30 மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். உச்சத்தை நெருங்கும்போது அது கூடுவது இயல்பு, பயப்பட வேண்டாம்.

முதல் வாரத்திலேயே கொள்ளளவைச் சோதித்துவிடுங்கள், திருப்பித் தரும் காலம் முடியும் முன். 100 சதவீதம் வரை ஏற்றி, சார்ஜ் ஆம்பியர் தானாக இறங்கும் வரை விடுங்கள். பிறகு பேனலையும் கிரிட்டையும் நிறுத்திவிட்டு 1 கிலோவாட் ஹீட்டர் போல நிலையான சுமை ஒன்றைக் கொடுங்கள். 5.12 யூனிட் பேட்டரியிலிருந்து 10 சதவீதம் மிஞ்சும்வரை ஓட்டினால் வீட்டுப் பக்க மீட்டரில் 4.2 யூனிட்டை ஒட்டி வர வேண்டும். 3.5-தான் வருகிறது என்றால் உடனே எழுதிப் புகார் செய்யுங்கள், படத்தோடு.

முதல் மாதம் வாரத்துக்கு ஒரு முறையாவது 100 சதவீதத்தைத் தொட விடுங்கள். செல்கள் சமனாகும், சதவீத எண்ணும் திருத்திக்கொள்ளும். வீட்டைப் பூட்டிவிட்டு நீண்ட நாள் வெளியே போகிறீர்கள், அதுவரை பேனலும் ஓடாது என்றால் 50 சதவீதத்தில் விட்டு, பேட்டரியின் பிரேக்கரையே இறக்கிவிட்டுப் போங்கள். இன்வெர்ட்டரின் 50 வாட் பசி நாளுக்கு 1.2 யூனிட். பாதி நிறைந்த 5.12 யூனிட் பேட்டரியை அது இரண்டே நாளில் துடைத்துவிடும்.